கடல் தாண்டும் படிப்பு – 6: பட்டாவும் பாஸ்போர்ட்டும்

கள்ளந்திரிப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் நஞ்சை. இருபோகம் விளையும் நிலம். பக்கத்திலேயே கிணறு, வண்டி போக வழி, எல்லாம் உண்டு. ஊரில் விலை கேட்டால் ஆளாளுக்கு லட்சங்களில் சொல்வார்கள். இதை அடமானம் வைத்து மகளை வெளிநாட்டுக்கு மேல்படிப்புக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு தகப்பன் கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு வங்கி மேலாளரின் மேஜையோடு நின்றுவிடும். "வயக்காடு வேணாம்யா, வீட்டுப் பத்திரம் இருந்தா கொண்டாங்க" என்பதுதான் அங்கே கிடைக்கும் பதில்.

மேலாளர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. வாராக் கடனுக்கு ஈடான சொத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கிகள் கைப்பற்றி விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் 2002-ல் வந்தது. அதன் 31-வது பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. உழவனின் நிலத்தை வங்கி சுலபமாக ஏலம் போட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. அந்தப் பாதுகாப்பு இருப்பதாலேயே, கல்விக் கடனுக்கு நஞ்சையையும் புஞ்சையையும் ஈடாக எடுத்துக்கொள்ள வங்கிகள் தயங்குகின்றன. வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் என்று மதுரையைச் சுற்றிய சமவெளியில் பெரும்பாலான குடும்பங்களின் ஒரே சொத்து நிலம்தான். தேர்வும் மதிப்பெண்ணும் தயாரான பிறகு, ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதி முடித்த பிறகு, பல்கலைக்கழகக் கடிதம் கைக்கு வந்த பிறகு இந்த உண்மை தெரியவந்தால் அது பெரிய துயரம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே தெரிந்தால், அது தீர்க்கக்கூடிய ஒரு வேலை.

வெளிநாட்டுப் படிப்புக்கான தயாரிப்பு என்றதும் தேர்வுகளையும் தரவரிசைப் பட்டியல்களையும்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் அதிக மாதங்களை விழுங்குவது வீட்டுப் பீரோவில் இருக்கும் காகிதங்கள். இந்த வாரம் அவற்றைப் பற்றித்தான்.

நிலத்தை ஏற்காவிட்டால் வீடு. வீடு என்றால் எந்த வீடு? மாட்டுத்தாவணிக்கு அருகிலோ திருநகரிலோ அங்கீகரிக்கப்பட்ட மனையில், வரைபட அனுமதியோடு கட்டிய வீடு என்றால் சிக்கல் குறைவு. கிராம நத்தத்தில் தாத்தா கட்டிய வீடு என்றால் கேள்விகள் வரிசையாக வரும். நத்தம் பட்டா யார் பெயரில் இருக்கிறது? மூலப் பத்திரம் உண்டா? ஊராட்சியில் வரைபட அனுமதி வாங்கியதா? வீட்டு வரி ரசீது யார் பெயரில்? வங்கியின் வழக்கறிஞர் பல ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று கேட்பார். பொறியாளர் வந்து மதிப்பீடு போடுவார். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்று வேண்டும். அந்தச் சான்றில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை எல்லோர் பெயரும் வரும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் அத்தனை பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகளில் இந்த ஒரு கையெழுத்துக்காகவே ஒரு பருவச் சேர்க்கை கைநழுவிப் போகும். பாகப்பிரிவினையும் பெயர் மாற்றமும் ஒரு வாரத்தில் முடிகிற காரியங்கள் இல்லை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், சார்பதிவாளர் என்று படிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் காத்திருப்பும் உண்டு.

அடுத்த முடிச்சு வருமானம். கடனுக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் இணை விண்ணப்பதாரர் ஆகிறார்கள். மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல் எங்கே என்று வங்கி கேட்கும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பதால் பெரும்பாலான விவசாயிகள் கணக்கே தாக்கல் செய்வதில்லை. சட்டப்படி அதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் வங்கியின் கண்ணில் அந்தக் குடும்பத்துக்கு வருமானமே இல்லாதது போலாகிவிடுகிறது. வட்டாட்சியர் தரும் வருமானச் சான்றையும், ஆசிரியராகவோ அரசு ஊழியராகவோ இருக்கும் தாய்மாமனையோ சித்தியையோ கூடுதல் இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பதையும் சில கிளைகள் ஏற்கின்றன. அந்த உறவினரிடம் கையெழுத்துக் கேட்பதும் சின்ன விஷயம் இல்லை. கடன் முடியும்வரை அவருடைய பெயரும் அதில் கட்டுண்டு கிடக்கும் என்பதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

ஈடில்லாமலே கிடைக்கும் கடனுக்கும் ஒரு வரம்பு உண்டு. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு தேவையில்லை. ஒன்றிய அரசின் உத்தரவாத நிதி அதற்குப் பின்னால் நிற்கிறது. நான்கு லட்சத்துக்கு மேல் போனால், வெளிநாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் 15 சதவீதத்தைக் குடும்பம் தன் கையிலிருந்து போட வேண்டும். படித்து முடித்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம் என்பது பலருக்கும் தெரியும். அந்தக் காலம் முழுக்க வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிவதில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது இந்தியாவுக்குள் இருக்கும் தரமான கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். மதுரை மாவட்டத்தின் முன்னோடி வங்கி கனரா வங்கி. மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து நடத்தப்படும் கல்விக் கடன் முகாம்களுக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வரும் முன்பே போய், தங்கள் காகிதங்களில் என்ன குறை என்று கேட்டுவிட்டு வருவது நல்லது. முகாமில் கேட்டு வந்த பட்டியலை வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடக்க அப்போது நாள் இருக்கும்.

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையின் கதையில் பலரும் ஸ்டான்ஃபோர்டையும் கூகுளையும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1993-ல் அவர் அமெரிக்கா கிளம்பியபோது, விமான டிக்கெட்டுக்குத் தன் தந்தை ஓராண்டுச் சம்பளத்துக்கு இணையான தொகையைச் செலவழித்தார் என்று 2020-ல் பட்டதாரிகளுக்கு ஆற்றிய உரையில் அவரே சொன்னார். விமானத்தில் அவர் ஏறியதும் அதுதான் முதல் முறை. தந்தை பொறியாளர், மகன் ஐ.ஐ.டி. காரக்பூர் பட்டதாரி. அந்த வீட்டிலேயே முதல் வகுப்பு தொடங்கும் முன் ஓராண்டு ஊதியம் கரைந்தது என்றால், சோளவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீட்டில் என்ன நிலைமை என்று யோசிக்கலாம். விமானக் கட்டணம் இன்று அந்த அளவுக்குச் சுமை இல்லை. அந்த இடத்துக்கு வேறு செலவுகள் வந்துவிட்டன.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்ற செய்தி மதுரை வரை நன்றாகப் பரவியிருக்கிறது. அது உண்மைதான், விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் விதித்திருக்கிறது. கட்டணமே இல்லாத இடத்திலும், விசாவுக்கு முன் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. இன்றைய மதிப்பில் சுமார் 12 லட்சம் ரூபாய். ஜெர்மனி போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோவாக அதை எடுத்துக்கொள்ளலாம். பணம் தொலைந்துபோவதில்லை. ஆனால் ஒரே தவணையில் அதைத் திரட்ட வேண்டும், அங்கேதான் குடும்பங்கள் திணறுகின்றன.

பிரிட்டனின் விதி வேறு மாதிரி. முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கியும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகை, மாணவரின் கணக்கிலோ பெற்றோரின் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். நகையை அடகு வைத்துக் கடைசி வாரத்தில் பணத்தைக் கணக்கில் போடும் வீடுகள் தடுமாறுவது இந்த விதியில்தான். இதற்கு மேல் ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கூடுதல் கட்டணம், காசநோய்ப் பரிசோதனைச் சான்று. கனடா 2025 செப்டம்பரிலிருந்து 22,895 கனடிய டாலர் காட்டச் சொல்கிறது. 2023 வரை அது வெறும் 10,000. ஆஸ்திரேலியா 29,710 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறது. அண்ணன் போனபோது இருந்த தொகை தம்பி போகும்போது இருக்காது. அதனால் உறவினர் சொன்ன கணக்கை அப்படியே நம்பாமல், அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் அந்த மாதம் இருக்கும் தொகையைப் பார்ப்பதுதான் பத்திரம்.

சொத்துக்கு அடுத்தபடி பெயர். மதுரைக்காரர்களுக்கு, பொதுவாகத் தமிழர்கள் அனைவருக்கும், வெளிநாட்டுப் படிவங்கள் கொடுக்கும் தலைவலி இது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள்: ஒன்று இட்ட பெயருக்கு, இன்னொன்று குடும்பப் பெயருக்கு. நமக்கு இருப்பது இட்ட பெயரும் அப்பா பெயரின் முதல் எழுத்தும்தான். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டால் இந்தியாவில் எந்தக் குறையும் இல்லை. அமெரிக்க விசாவில் மட்டும், இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். இட்ட பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகும். பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பல்கலைக்கழக அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று அது தொடர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ தமிழ் மாணவர்கள் அமெரிக்க அலுவலகங்களில் 'ஃபினு' என்று கூப்பிடப்படுகிறார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயருக்கு நேரும் இந்தக் கதியைத் தவிர்ப்பதற்கு விண்ணப்பிக்கும்போது ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக விரித்து எழுதிவிட வேண்டும்.

எப்படி விரிப்பது என்பதில் அடுத்த கேள்வி தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் முத்துலட்சுமி பா. என்று இருக்கும். ஆதாரில் முத்துலெட்சுமி. அப்பா ரேஷன் கார்டில் பாண்டி, வாக்காளர் அட்டையில் பாண்டியன், பட்டாவில் சாதிப் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆங்கில எழுத்துகளில் லட்சுமியை எழுத நான்கைந்து வழிகள் இருக்கின்றன. பல்கலைக்கழகமோ தூதரகமோ இவற்றை ஒரே ஆளின் சான்றுகளாகப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்குப் பொருத்துவதுதான் சரியான வரிசை. ஆதாரைத் திருத்துவது சுலபம். மதிப்பெண் சான்றிதழிலேயே பிழை இருந்தால், படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாகச் சென்னையில் இருக்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டியிருக்கும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். எல்லாம் பொருந்திய பிறகு பாஸ்போர்ட். மதுரைக்கே பாஸ்போர்ட் அலுவலகம் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரேஸ்கோர்ஸ் அருகே பாரதி உலா சாலையில் இயங்குகிறது. அதனால் இந்த ஒரு வேலைக்கு வெளியூர் அலைச்சல் இல்லை.

பெயரும் படிப்பும் சேர்ந்த ஒரு பெரிய மனிதர் இந்த மாவட்டத்தில் வாழ்ந்து மறைந்தார். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா 1892-ல் தஞ்சையில் பிறந்தவர். லண்டனில் கணக்காயராகத் தேர்ச்சி பெற்றார், பிறகு அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1928-ல் வணிக நிர்வாகப் பட்டம் வாங்கினார். அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொதுநிதி படித்தார். இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கிலேய அரசின் வரவு செலவுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு. அங்கே படித்தபோது அவர் பெயர் கார்னீலியஸ். 1929-ல் ஊர் திரும்பிய பிறகுதான் முன்னோர் பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார், ஆய்வேடு காந்தியின் 'யங் இந்தியா' இதழில் தொடராக வந்தது. கடைசி ஆண்டுகளை தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார், 1960 ஜனவரி 30-ல் மறைந்தார். ஒரு பெயரில் படித்துவிட்டு இன்னொரு பெயரில் வாழ்வது அன்று அவருக்குத் தடையாக இருக்கவில்லை. இன்று அரசிதழ் அறிவிப்பும் நோட்டரி உறுதிமொழியும் இல்லாமல் அது நடக்காது.

குமரப்பாவிடமிருந்து இன்றைய மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேறொன்றும் இருக்கிறது. என்ன கேள்வியைக் கொண்டுபோகிறோம் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இன்று விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்க உரை அந்தக் கேள்வியைத்தான் தேடுகிறது. கே.கே. நகரிலும் அண்ணா நகரிலும் பைபாஸ் சாலையிலும் வரிசையாக இருக்கும் ஆலோசனை மையங்கள் சிலவற்றில் இந்த உரைக்கு ஒரு அச்சு வைத்திருக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே கணினியில் ஆர்வம் என்று தொடங்கி, உங்கள் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பேராசிரியர்கள் என்று முடியும். நூறு மாணவர்களுக்கு ஒரே உரை போனால், அதை வாங்கிப் படிப்பவருக்கு ஊர் பெயரைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. உரை ஒப்பீட்டு மென்பொருளும் பல்கலைக்கழகங்களிடம் இருக்கிறது.

இந்த மண்ணில் எழுதுவதற்கு எவ்வளவோ கிடக்கிறது. கண்மாய்கள் தூர்ந்துபோவதை அளந்து பார்த்த குடிமைப் பொறியியல் மாணவர் எழுதலாம். மேலூர் கிரானைட் குவாரிகளின் கழிவுக்கல் பற்றி நிலவியல் மாணவி எழுதலாம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைச் செடியிலிருந்து விமானம் வரை வாடாமல் கொண்டுபோவது உணவுத் தொழில்நுட்பத்துக்கே ஒரு சவால். வீட்டில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பாட்டி இருந்தால், ஜவுளி வடிவமைப்புக்கு விண்ணப்பிக்கும் பேத்தி வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. இவை எல்லாம் உண்மையாகச் செய்திருந்தால்தான் எழுத வேண்டும். அதனால்தான் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள் என்று இத்தொடர் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்து எழுதும் நோக்க உரைக்கு இரண்டாம் ஆண்டில் ஏதாவது நடந்திருக்க வேண்டும்.

மையங்களைப் பற்றி இன்னும் ஒரு சொல். பல மையங்களுக்கு மாணவர் சேர்ந்த பிறகு பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வருகிறது. அது சட்டவிரோதம் இல்லை. கமிஷன் தராத அரசுப் பல்கலைக்கழகங்களின் பெயர் அங்கே அதிகம் காதில் விழாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

எதிர்த்திசைப் பயணம் ஒன்றும் மதுரைக்கு உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் 1881-ல் பசுமலையில் தொடங்கி, இன்று கோரிப்பாளையத்தில் நிற்கும் அமெரிக்கன் கல்லூரிக்கு, அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரிப் பட்டதாரிகள் இளம் ஆசிரியர்களாகப் பல பத்தாண்டுகள் வந்துபோனார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1960-களிலிருந்து தன் மாணவர்களை ஓராண்டுத் திட்டத்தில் மதுரைக்கு அனுப்பியது. அந்த மாணவர்கள் நேராக விமானம் ஏறி வந்துவிடவில்லை. கிளம்பும் முன் ஒரு கோடைக்காலம் முழுக்க மாடிசன் நகரில் தமிழ் படித்தார்கள். மதுரையில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு களப்பணி செய்து அறிக்கை எழுதினார்கள். போகிற ஊரின் மொழியைப் போவதற்கு முன்பே படிக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் முதல் விதி.

நம் மாணவர்கள் ஜெர்மனிக்குப் போகும்போது, பாடம் ஆங்கிலத்தில்தானே என்று இதை விட்டுவிடுகிறார்கள். வகுப்பறையில் ஆங்கிலம் போதும். வாடகை வீட்டுக்கும் மருத்துவருக்கும் நகராட்சிப் பதிவுக்கும் ஜெர்மன் வேண்டும். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய 2024 முதல் அங்கே அனுமதி உண்டு. மொழி தெரிந்தவருக்கு அந்த அனுமதி பயன்படும், தெரியாதவருக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைதான் மிஞ்சும். மதுரையில் இருந்தபடியே அடிப்படை நிலைகளை முடித்துவிட ஓராண்டு போதும்.

இனி உதவித்தொகை. கடன் வாங்காமலே போக வழி இருக்கிறது, ஆனால் அதைப் பற்றித் தெரிய வேண்டியவர்களுக்குத்தான் இன்னும் தெரியாமல் இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55-ல் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதி மாணவர்களுக்கு, 6 சீர்மரபு மற்றும் நாடோடிச் சமூகத்தினருக்கு, 4 நிலமற்ற விவசாயத் தொழிலாளர் மற்றும் மரபுக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. 30 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கீடு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வயது 35-க்குள், சேர்க்கை கிடைத்த பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள். உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரங்களில் சீர்மரபினர் வீடுகள் எத்தனையோ உள்ளன. நிலமற்ற விவசாயக் கூலித் தொழிலாளி வீட்டுக்கு இந்தச் சமவெளியில் குறைவே இல்லை. அந்த வீடுகளில் முதுநிலைப் படிப்பு வரை வந்த ஒவ்வொரு மாணவரிடமும் அவர் படிக்கும் கல்லூரி இந்தத் திட்டத்தைச் சொல்ல வேண்டும். அது கல்லூரியின் கடமை.

முழுவதும் அதையே நம்பியிருக்கவும் முடியாது. 2025-ல் அந்தத் திட்டத்துக்குத் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் தற்காலிகக் கடிதம் போனது. நிதி வந்தால்தான் மற்றவர்களுக்கு என்று சொல்லப்பட்டது. பல்கலைக்கழகம் சேர்க்கை தந்து, அரசும் தேர்வு செய்து, வகுப்பு தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஒரு மாணவியைக் காத்திருக்க வைப்பது கொடுமை. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அதில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கிறது. எந்தச் சமூகத்தினரும் விண்ணப்பிக்கக்கூடியவை ஃபுல்பிரைட்-நேரு, காமன்வெல்த், எராஸ்மஸ் முண்டஸ் ஆகிய உதவித்தொகைகள். இவற்றின் விண்ணப்பக் கெடு வகுப்பு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஜாம்ஷெட்ஜி டாடா 1892-ல் ஏற்படுத்திய ஜே. என். டாடா அறக்கட்டளை இன்றும் கடன் உதவித்தொகை கொடுக்கிறது.

கல்லூரிக் காகிதங்களில் மூன்றைச் சொன்னால் போதும். பருவம்வாரியான மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையிலிட்டு முத்திரை வைத்துத் தர வேண்டும் என்று சில நாடுகள் கேட்கும். காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரியில் படித்தவர் பல்கலை நகருக்கும், பொறியியல் மாணவர் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, பரிந்துரைக் கடிதம். ஆசிரியர் நல்ல மனதோடு எழுதித் தருவார், ஆனால் அவரிடம் ஜிமெயில் முகவரிதான் இருக்கும். பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கல்லூரியின் பெயரில் உள்ள மின்னஞ்சலைத்தான் ஏற்கின்றன. கல்லூரி அலுவலகம் மனது வைத்தால் ஒரு நாளில் தீரும் விஷயம் இது. மூன்றாவது, மூன்றாண்டுப் பட்டம். பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவரை முதுநிலையில் சேர்க்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் தயங்கும், 16 ஆண்டுப் படிப்பு வேண்டும் என்பார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் அந்தத் தடை இல்லை. எந்த நாடு என்று முடிவு செய்யும் முன் இதைப் பார்த்துக்கொண்டால் ஓராண்டு மிச்சமாகும். ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்று கட்டாயம். கல்விச் சான்றிதழ்களை டெல்லியில் சரிபார்த்து அதைத் தருவார்கள். அது கையில் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது.

விசாவுக்கு இன்னமும் சென்னைதான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து அமெரிக்கத் துணைத் தூதரகமோ ஜெர்மன் விசா மையமோ. நேர்காணல் தேதிகள் எப்போது கிடைக்கும் என்பது மாணவர் கையில் இல்லை. 2025 மே இறுதியில் அமெரிக்கா புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்குத் தேதி கொடுப்பதை உலகெங்கும் நிறுத்தியது. ஜூன் 18-ல் திரும்பத் தொடங்கியபோது, விண்ணப்பிப்பவர் தன் சமூக ஊடகப் பக்கங்களை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. கனடா, படிவங்களை விரைவாகப் பரிசீலிக்கும் தன் தனி வழியை 2024 நவம்பரில் மூடிவிட்டது. ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் விசாக் கட்டணத்தை 710 டாலரிலிருந்து 1,600-க்கு ஏற்றியது, மறுவருடமே 2,000 ஆக்கியது. ஒரு நாட்டை மட்டும் நம்பி எல்லாக் காகிதத்தையும் தயாரிப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். நல்லவேளையாக பட்டாவும் பாஸ்போர்ட்டும் மதிப்பெண் பட்டியலும் எல்லா நாட்டுக்கும் பொது. அவை சரியாக இருந்தால் இரண்டாவது நாட்டுக்கு மாறச் சில வாரங்கள் போதும்.

பணம் அனுப்பும்போது ஒரு சின்ன விஷயம். ஒரு நிதியாண்டில் ஒருவர் 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி முன்கூட்டியே ஒரு வரியைப் பிடிக்கும். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் வாங்கிய கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் அந்தப் பிடித்தம் இல்லை. கடன் கையில் இருந்தும் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டணத்தை அனுப்பிவிட்டு, பிடித்தம் போன தொகையைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்குத் தாக்கல் வரை காத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தவிர்க்கலாம்.

கிளம்பும் நாளில் அசல் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் அப்பாவிடம், ஒன்று மின்னஞ்சலில். கடனுக்கு ஈடாக வங்கியில் கொடுத்த மூலப் பத்திரத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கியிருந்தால், அதை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது. கடன் முடிந்த அன்று பத்திரத்தைத் திரும்பக் கேட்க அந்தச் சீட்டுதான் வேண்டும்.

மருத்துவம் படிக்க வெளிநாடு போகிறவர்களின் பாதை முற்றிலும் தனி. நீட் தேர்ச்சி, 54 மாதப் படிப்பு, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி என்று தேசிய மருத்துவ ஆணையம் 2021-ல் போட்ட விதிகளும், அவற்றைப் பார்க்காமல் போய்த் திரும்பியவர்களின் அனுபவங்களும் அடுத்த இதழில்.

(தொடரும்)